பாவனை விளையாட்டுகளும் அவற்றை இயக்கிய கணினிகளும்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு வரலாறு

பாவனை விளையாட்டு என்பது உண்மை உலகின் ஒரு பகுதியை அதன் விதிகளோடு கணினிக்குள் அமைத்து, அதை இயக்கிப் பார்க்கும் விளையாட்டாகும். சிமுலேஷன் கேம் என்னும் பெயரிலேயே இளைஞர்கள் இதைப் பெரிதும் அறிவர். விமானம் ஓட்டுதல், பேருந்து ஓட்டுதல், நகரம் அமைத்தல், பண்ணை நடத்துதல், குடும்பம் நடத்துதல் எனப் பல பிரிவுகள் இதில் உண்டு. இவ்விளையாட்டுகளின் வரலாறு, அவற்றை இயக்கிய கணினிகளின் வரலாறாகவும் அமைகிறது. எவ்வகைக் கணினி ஒருவர் கைக்கு எட்டியதோ, அந்த அளவுக்கே அவர் நுழையக்கூடிய பாவனை உலகமும் விரிந்தது.

இந்த வரலாற்றில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. நாட்டின் முன்னணிக் கணினி நிறுவனங்கள் பல இவ்வூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் நடத்தியுள்ளன. இந்திய வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்ற கணினிகளில் ஒரு பகுதி இங்கிருந்தே பெட்டியில் அடைக்கப்பட்டுப் புறப்பட்டது. ஆயினும், கணினி செய்த ஊரிலும் சரி, பிற ஊர்களிலும் சரி, விளையாட்டுக்கென்றே கணினி வாங்கியவர்கள் சிலரே. பள்ளிக்கு வந்த கணினி, அலுவலகக் கணினி, பிரவுசிங் சென்டர் கணினி, அரசு தந்த மடிக்கணினி, கைபேசி என வேறு வேலைக்காக வந்த கருவிகளிலேயே பெரும்பாலோர் பாவனை உலகங்களைக் கண்டனர்.

சிற்றில் முதல் கணினி வரை

பாவனை விளையாட்டு தமிழருக்குப் புதிதன்று. சிறுமியர் மணலில் சிறுவீடு கட்டி, மணலையே சோறாகச் சமைத்து விளையாடுவதைப் பழைய இலக்கியம் சிற்றில் என்று குறிக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் ஒரு தனிப் பருவமாகவே வைக்கப்பட்டுள்ளது. பெரியவர் உலகைச் சிறிதாக்கி, அதன் வேலைகளைச் செய்து பார்ப்பதே சிற்றிலின் இயல்பு.

கணினி இதில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தது. மணல்வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டதா என்பதைக் குழந்தையே முடிவு செய்கிறது. கணினியிலோ அதை விதி முடிவு செய்கிறது. விதைநெல்லை உண்டுவிட்டால் அடுத்த ஆண்டு விளைச்சல் இல்லை என்று கணக்கு சொல்லிவிடும். தவறான முடிவின் விளைவை எவருக்கும் இழப்பில்லாமல் கண்டறிய முடிகிறது. கல்வியாளர்கள் இவ்வகை விளையாட்டைத் தொடக்கத்திலேயே விரும்பியதற்குக் காரணம் இதுவே.

பெருங்கணினியில் பிறந்த விளையாட்டு

பாவனை விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்றை உருவாக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்த மேபல் ஆடிஸ், 1964ஆம் ஆண்டில் சுமேரிய விளையாட்டு என்பதை வடிவமைத்தார். அதற்கான நிரலை ஐ.பி.எம். நிறுவனத்தின் வில்லியம் மெக்கே எழுதினார். பழைய சுமேரியாவின் லகாசு நகர அரசனாக மாணவர் அமர்வார். அறுவடைத் தானியத்தில் உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, களஞ்சியத்துக்கு எவ்வளவு என்று அவர் பங்கிட வேண்டும்.

இவ்விளையாட்டு ஓடிய ஐ.பி.எம். 7090 ஒரு பெருங்கணினி. பெரிய அறையில் நிறுவப்படுவது. மாணவர் கணினியைப் பார்க்கவே வேண்டியதில்லை. தட்டச்சுப்பொறி போன்ற முனையத்தில் எண்களை அடித்தால், விடை காகிதத்தில் அச்சாகி வரும். எழுத்திலும் எண்ணிலும் ஓர் அரசு நடந்தது. இதைப் பற்றிக் கேள்விப்பட்ட டக் டைமெண்ட் 1968இல் சிறுகணினியில் ஓடக்கூடிய எளிய வடிவம் ஒன்றை எழுதினார். பின்னர் டேவிட் ஆல் அதனை பேசிக் மொழிக்கு மாற்றி 1973இல் நூலாக வெளியிட்டார். ஹமுராபி என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நிரல் முழுவதும் நூலில் அச்சிடப்பட்டிருந்ததால், கணினி கிடைத்த எவரும் அதைத் தட்டச்சு செய்து விளையாட முடிந்தது. விதிகளை மாற்றியும் பார்க்க முடிந்தது.

பள்ளிக்கு வந்த கணினி

இந்தியப் பள்ளிகளில் கணினி நுழைந்தது 1984ஆம் ஆண்டில். மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் இணைந்து, கிளாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட பள்ளிக் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கின. இதற்குத் தேர்வான கணினி, பிரித்தானியாவின் ஏகார்ன் நிறுவனம் செய்த பி.பி.சி. மைக்ரோ. அதன் பி மாதிரியில் 2 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலியும் 32 கிலோபைட் நினைவகமும் இருந்தன. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட அந்த நினைவகத்தில் அடங்காது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1985 சனவரியில், புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சும் அனைவருக்கும் கணினி என்னும் பொருள்படும் திட்டமொன்றை அறிவித்தது. ஏறத்தாழ 50,000 கல்விக்கூடங்களுக்கு 1,20,000க்கு மேற்பட்ட கணினிகளை வழங்குவது அதன் நோக்கம். அங்கே தாம்சன் எம்.ஓ.5 போன்ற உள்நாட்டுக் கணினிகளே முதன்மை பெற்றன. இரு நாடுகளிலும் பாடத்துக்காக வந்த கணினியே பல மாணவர் தொட்ட முதல் கணினியாயிற்று.

பி.பி.சி. மைக்ரோவுடன் வெளிவந்த அறிமுக ஒலிநாடாவில், மஞ்சள் ஆற்று நாடு என்னும் சிறு பாவனை விளையாட்டு இடம்பெற்றிருந்தது. ஆற்றங்கரையில் மூன்று ஊர்கள். கரையைப் பலப்படுத்த எத்தனை பேர், வயல் வேலைக்கு எத்தனை பேர், திருடரிடமிருந்து காவலுக்கு எத்தனை பேர் என்று பிரித்தனுப்ப வேண்டும். எத்தனைக் கூடை நெல் நடுவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். கரையில் ஆள் குறைந்தால் வெள்ளம் வரும். காவலில் குறைந்தால் கொள்ளை போகும். வெள்ளமும் நெல்லும் அறிந்த காவிரிப் படுகை மாணவருக்கோ சங்கராபரணி ஆற்றங்கரை மாணவருக்கோ இவ்விளையாட்டின் கணக்கை விளக்க வேண்டியதே இல்லை.

அதே கணினியில் 1984 செப்டம்பரில் வெளிவந்த எலைட், விண்வெளி வணிகத்தைப் பாவனை செய்தது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் 8 விண்மீன் மண்டலங்களையும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களையும் அந்தச் சிறு நினைவகத்துக்குள் அடக்கினர். கோள்களின் பட்டியலைச் சேமிக்காமல், தேவைப்படும்போது ஒரு வாய்பாட்டிலிருந்து அவற்றைக் கணக்கிட்டுப் பெற்றதே அவர்கள் கையாண்ட வழி. நினைவகம் சிறிதாயினும் விதி நன்கு அமைந்தால் உலகம் பெரிதாகலாம் என்பதற்கு எலைட் சான்றாக நிற்கிறது.

விமானமும் தனியாள் கணினியும்

புரூஸ் ஆர்ட்விக் என்பவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, விமானப் பறத்தலைக் கணினித் திரையில் காட்டுவது பற்றி 1975இல் ஆய்வேடு எழுதினார். அதன் தொடர்ச்சியாக அவருடைய நிறுவனம் 16 கிலோபைட் நினைவகமுள்ள ஆப்பிள் 2 கணினிக்குப் பறத்தல் பாவனை ஒன்றை வெளியிட்டது. நிலம் கட்டங்களாகவும் மலை சில கோடுகளாகவும் தெரிந்த விளையாட்டு அது. மைக்ரோசாப்ட் நிறுவனம் உரிமம் பெற்று, 1982இல் ஐ.பி.எம். தனியாள் கணினிக்கு மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. அக்கணினியின் செயலி வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்.

இவ்விளையாட்டுக்கு எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. ஐ.பி.எம். கணினியைப் போலவே இயங்கும் கணினிகளைப் பல நிறுவனங்கள் குறைந்த விலையில் செய்யத் தொடங்கின. அவை உண்மையிலேயே ஐ.பி.எம். கணினிக்கு இணையாக இயங்குகின்றனவா என்று அறிய, லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருளையும் பிளைட் சிமுலேட்டரையும் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. வன்பொருளை நேரடியாகக் கையாண்ட மென்பொருள்கள் என்பதால், சிறு வேறுபாடு இருந்தாலும் அவை நின்றுவிடும். ஓர் அலுவலக மென்பொருளும் ஒரு பாவனை விளையாட்டும் சேர்ந்து அடுத்த தலைமுறைக் கணினிகளுக்கு உரைகல்லாயின. இந்தியாவில் பின்னர் பெருகிய கணினிகள் பெரும்பாலும் இந்த இணைக்கணினி மரபைச் சேர்ந்தவையே.

நகரம் அமைத்தல்

வில் ரைட் என்னும் அமெரிக்கர் 1984இல் ஒரு போர் விளையாட்டை எழுதும்போது, குண்டு வீசுவதைவிடத் தீவுகளின் வரைபடத்தை அமைப்பதே தமக்கு இன்பமாக இருப்பதைக் கண்டார். நகரங்கள் எவ்வாறு வளர்கின்றன என்பது பற்றி ஜே பாரெஸ்டர் 1969இல் எழுதிய நூலையும் படித்தார். இதன் பயனாக உருவான நகர விளையாட்டில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இதனாலேயே வெளியீட்டாளர்கள் முதலில் அதை ஏற்கத் தயங்கினர். 1989இல் சிம்சிட்டி என்ற பெயரில் மேக்கிண்டாஷ், அமிகா கணினிகளிலும், பின்னர் டாஸ் இயங்குதளக் கணினிகளிலும் அது வெளிவந்தது.

வரி உயர்ந்தால் மக்கள் வெளியேறுவர். சாலை போதாவிட்டால் நெரிசல் வரும். மின் நிலையம் பக்கத்தில் வீட்டுமனை விலை குறையும். இவை அனைத்தையும் அரை மெகாபைட் அளவு நினைவகமுள்ள அலுவலகக் கணினியே கணக்கிட்டது. அறிக்கை தயாரிக்க வாங்கிய கணினியில், வேலை முடிந்த மாலையில், ஒரு நகரம் எழுந்தது.

கணினி செய்த ஊர்

1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்த புதுச்சேரி, 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. பஞ்சாலைகளை நம்பியிருந்த இவ்வூரில் தொழில்களைப் பெருக்கத் தொழிற்பேட்டைகள் அமைக்கப்பட்டன. தொழிலில் பின்தங்கிய பகுதி என்ற முறையில் கிடைத்த வரிச்சலுகைகளும், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைத் துறைமுகமும் கணினி நிறுவனங்களை ஈர்த்தன. பெரும்பாலான உதிரிபாகங்கள் கப்பலிலோ விமானத்திலோ வெளிநாட்டிலிருந்து வருபவை. ஆகவே துறைமுகத்துக்கு அருகில், வரி குறைந்த இடத்தில், அவற்றைப் பொருத்திச் சோதித்து அனுப்புவது இலாபமாக இருந்தது.

எச்.சி.எல். நிறுவனத்தின் தொழிற்சாலை சேதராப்பட்டில் இயங்கியது. விப்ரோ, ஏசர் ஆகியவையும் புதுச்சேரியில் கணினி தயாரித்தன. ஐ.பி.எம். நிறுவனமும் இங்கே தொழிற்சாலை வைத்திருந்தது. அந்நிறுவனம் தன் தனியாள் கணினிப் பிரிவை லெனோவோவுக்கு விற்றது 2005 மே மாதத்தில் நிறைவேறியபோது, புதுச்சேரித் தொழிற்சாலையும் லெனோவோவின் கைக்கு மாறியது. முதல் பிளைட் சிமுலேட்டர் எந்தக் கணினிக் குடும்பத்துக்காக வந்ததோ, அந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் புதுச்சேரியில் பெட்டிகளில் ஏறின.

1990களின் பிற்பகுதியில் எச்.சி.எல். பீன்ஸ்டாக் போன்ற வீட்டுக் கணினிகள் விளம்பரங்களில் இடம்பிடித்தன. குறுந்தட்டு இயக்கி, ஒலிப்பெருக்கி, வண்ணத்திரை ஆகியவை ஒன்றாக வந்தன. பிள்ளைகளின் படிப்புக்கு என்றே இவை விற்கப்பட்டன. பெற்றோரும் அதற்காகவே வாங்கினர். குறுந்தட்டு இயக்கி இருந்த வீட்டில் கலைக்களஞ்சியத் தட்டுக்குப் பின்னாலேயே விளையாட்டுத் தட்டும் வந்து சேர்ந்தது.

இந்தத் தொழில் நிலைத்து நிற்கவில்லை. 2003இல் உத்தராகண்டம், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கு மத்திய அரசு அறிவித்த உற்பத்தி வரிச் சலுகைகள் கணினித் தொழிற்சாலைகளை வடக்கே இழுத்தன. எச்.சி.எல்., விப்ரோ ஆகிய இரு நிறுவனங்களும் 2013இல் சொந்தப் பெயரில் கணினி தயாரிப்பதிலிருந்து விலகுவதாக அறிவித்தன. சலுகையை நம்பி வந்த தொழில், சலுகை இடம் மாறியதும் தானும் இடம் மாறும் என்பதைப் புதுச்சேரி கண்டது. தொழிலைத் தக்கவைத்த நிறுவனங்களுள் லெனோவோ குறிப்பிடத்தக்கது.

பிரவுசிங் சென்டரும் அசெம்பிள்டு கணினியும்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. அடுத்த சில ஆண்டுகளில் நகரங்களிலும் சிற்றூர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. மணிக்கணக்கில் கட்டணம் கட்டிப் பயன்படுத்திய கணினிகள் அவை. மின்னஞ்சலுக்கும் தேர்வு முடிவுக்கும் வந்தவர்களுக்கு நடுவே விளையாட வந்த மாணவர்களும் இருந்தனர். ஆனால் பாவனை விளையாட்டுக்கு அந்த இடம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. பந்தயமோ துப்பாக்கிச் சண்டையோ ஒரு மணியில் முடிந்துவிடும். நகரம் ஒரு மணியில் வளராது. வளர்த்த நகரத்தைச் சேமித்து வைத்தாலும் மறுநாள் வேறு கணினிதான் கிடைக்கும். பாவனை விளையாட்டுக்குச் சொந்தக் கணினியும் நீண்ட நேரமும் தேவை என்பது அங்கே தெளிவாயிற்று.

சொந்தக் கணினிக்கு மலிவான வழி, உதிரிபாகங்களை வாங்கிப் பொருத்திக்கொள்வது. அசெம்பிள்டு கணினி என்று மக்கள் வழக்கில் பெயர் பெற்ற இதற்குச் சென்னை ரிச்சி தெரு தென்னிந்தியாவின் பெருஞ்சந்தையாக விளங்கியது. தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு, பெட்டி என ஒவ்வொன்றையும் தனித்தனியே விலை பேசி வாங்கலாம். பின்னர் பணம் வரும்போது நினைவகத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். கணினியின் உள்ளுறுப்புகளைப் பாடப்புத்தகத்தைவிட இந்தச் சந்தையில் கற்றவர்கள் ஏராளம்.

அக்கால விளையாட்டுகளின் தேவை இந்தக் கணினிகளுக்கு எட்டக்கூடியதாகவே இருந்தது. கிறிஸ் சாயர் எழுதிய ரோலர்கோஸ்டர் டைகூன் என்னும் பூங்கா நடத்தும் விளையாட்டு 1999இல் வந்தது. பெரும்பகுதி நேரடியாகப் பொறிமொழிக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டதால், 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் செயலியும் 16 மெகாபைட் நினைவகமுமே அதற்குப் போதுமாயின. 2000ஆம் ஆண்டில் வந்த தி சிம்ஸ் என்னும் குடும்ப விளையாட்டுக்கு 233 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 32 மெகாபைட் நினைவகமும் வேண்டியிருந்தன.

வரைகலைச் செயலி ஏற்படுத்திய பிளவு

1996இல் வந்த வூடு என்னும் முப்பரிமாண முடுக்கி அட்டையும், 1999இல் என்விடியா வெளியிட்ட ஜீபோர்ஸ் 256 அட்டையும் நிலைமையை மாற்றின. படத்தைத் தீட்டும் வேலை மையச் செயலியிலிருந்து பிரிந்து, அதற்கென அமைந்த வரைகலைச் செயலிக்குச் சென்றது. இதன் பின்னர் அலுவலகக் கணினியும் விளையாட்டுக் கணினியும் இரண்டு சாதிகளாயின. பார்வைக்கு ஒரே பெட்டி; ஆனால் வரைகலை அட்டை இல்லாத கணினியில் புதிய விளையாட்டு திறக்கவே மறுத்தது. அட்டையின் விலை சில வேளைகளில் மற்ற உறுப்புகள் அனைத்தின் விலைக்கும் சமமாயிற்று.

2020இல் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் இந்தப் பிளவின் உச்சத்தைக் காட்டுகிறது. அதற்குக் குறைந்தபட்சம் 8 கிகாபைட் நினைவகமும், தனி வரைகலை அட்டையும், வன்தட்டில் 150 கிகாபைட் இடமும் தேவைப்பட்டன. 1982ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரே ஒரு நெகிழ்வட்டில் அடங்கியது.

எனினும் பாவனை விளையாட்டுகள் அனைத்தும் வரைகலை அட்டையையே நம்பியவை அல்ல. ஓட்டுதல், பறத்தல் வகைகளில் கண்ணுக்குத் தெரியும் காட்சியே பெரிய சுமை. நகரம், பண்ணை, தொழிற்சாலை வகைகளில் கணக்கே பெரிய சுமை. எடுத்துக்காட்டாக, 2015இல் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் விளையாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் வீடு, வேலை, செல்லும் வழி ஆகியவை தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. ஒரே நேரத்தில் நடமாடும் குடிமக்களின் எண்ணிக்கைக்கு அதில் 65,536 என்ற வரம்பு உண்டு. இது 2இன் 16ஆம் அடுக்கு. நகரம் பெருகப் பெருக மையச் செயலியும் நினைவகமுமே திணறும். இத்தகைய விளையாட்டுக்கு விலையுயர்ந்த வரைகலை அட்டை வாங்கி நினைவகத்தில் மிச்சம் பிடிப்பது, வண்டிக்கு வர்ணம் அடித்து மாட்டுக்குத் தீனி குறைப்பதற்குச் சமம்.

விலையில்லா மடிக்கணினியும் கட்டற்ற விளையாட்டுகளும்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. புதுச்சேரி அரசும் அரசுப் பள்ளி மேனிலை மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. வீட்டில் கணினியே இல்லாத இலட்சக்கணக்கான மாணவர்களுக்கு இதுவே முதல் சொந்தக் கணினி. தனி வரைகலை அட்டை இல்லாத எளிய கருவி என்பதால், கடையில் விற்ற புதிய விளையாட்டுகள் பல இதில் ஓடவில்லை. ஆனால் தமிழ்நாட்டு மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்த இயங்குதளம், கட்டற்ற மென்பொருள்களுக்கு வாசலாக அமைந்தது.

கட்டற்ற பாவனை விளையாட்டுகளுக்கு எளிய கணினியே போதும். 1994இல் கிறிஸ் சாயர் எழுதிய போக்குவரத்து விளையாட்டைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் 2004 முதல் வளர்த்துவரும் ஓபன்டிடிடி, பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும். அதன் மொழிக் கோப்புகளில் தமிழும் உண்டு. 1997இல் வெளிவந்த பிளைட்கியர், பறத்தலைக் கற்பிக்கும் கட்டற்ற மென்பொருள். முதல் சிம்சிட்டியின் மூலநிரல் 2008இல் மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. குழந்தைகளுக்கான மலிவு மடிக்கணினித் திட்டம் ஒன்றை ஒட்டி அது நிகழ்ந்தது. மூலநிரல் கையில் இருப்பதால் வரி விதியையோ மக்கள் பெருக்க விதியையோ மாணவரே மாற்றிப் பார்க்கலாம். ஹமுராபியை நூலில் பார்த்துத் தட்டச்சு செய்தவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இதன் வழியே மீண்டும் கிடைத்தது.

கைபேசி: திரும்பி வந்த ஏகார்ன்

இன்று தமிழ் இளைஞரிடம் பரவலாக உள்ள கணினி, கைபேசியே. 2017இல் இந்தோனேசியாவின் மலியோ நிறுவனம் வெளியிட்ட பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா விளையாட்டில், பேருந்தின் மேற்பூச்சை ஆடுபவரே வரைந்து சேர்க்கலாம். இதைப் பயன்படுத்தித் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளின் நிறத்தையும், தனியார் பேருந்துகளின் அலங்காரத்தையும் இளைஞர்கள் வரைந்து பகிர்ந்துகொள்கின்றனர். சாவகத்துச் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகையுடன் பேருந்து ஓடுகிறது. பல்லாயிரம் ரூபாய் செலவில் கணினியும் திருப்புவளையமும் வைத்து யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆடுபவருக்குக் கிடைக்கும் நுட்பம் கைபேசியில் இல்லை. ஆனால் தம் ஊர் வண்டியைத் தாமே ஓட்டும் மகிழ்ச்சி இதில் உண்டு.

கைபேசிக்கும் பழைய பள்ளிக் கணினிக்கும் ஓர் உறவு உள்ளது. பி.பி.சி. மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனம், 1980களின் நடுவில் புதிய செயலி ஒன்றை வடிவமைத்தது. அதன் கட்டளைகள் சரியாக இயங்குமா என்பதை, சில்லு செய்யப்படும் முன்பே, சோபி வில்சன் பி.பி.சி. மைக்ரோவில் பேசிக் மொழியில் பாவனை செய்து பார்த்தார். 1985 ஏப்ரலில் கிடைத்த அந்தச் சில்லே ஆர்ம் செயலி. இன்றைய கைபேசிகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த வழிவந்த செயலிகளிலேயே இயங்குகின்றன. இந்தியப் பள்ளிகளுக்கு வந்திறங்கிய அதே கணினி மாதிரியில் பாவனையாகத் தோன்றிய ஒன்று, நாற்பது ஆண்டுகளில் மாணவர்களின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது.

மேகத்தில் ஓடும் உலகம்

2020ஆம் ஆண்டு பிளைட் சிமுலேட்டர் 2 பெட்டாபைட்டுக்கு மேற்பட்ட நிலப்படத் தரவைத் தொலைவிலுள்ள வழங்கிகளிலிருந்து இணையம் வழியே பெறுகிறது. புதுச்சேரிக் கடற்கரை உட்பட உலகம் முழுவதும் அந்த வழங்கிகளில் உள்ளது. 2024இல் வந்த அடுத்த பதிப்பு இன்னும் கூடுதலாக மேகத்தைச் சார்ந்தது. வன்தட்டுத் தேவை 50 கிகாபைட்டாகக் குறைந்தது. குறைந்தபட்ச நினைவகம் 16 கிகாபைட்டாக உயர்ந்தது. அறைக்கு வெளியே இருந்த பெருங்கணினியில் 1964இல் பிறந்த விளையாட்டு, வேறு வடிவில் மீண்டும் வெளியே உள்ள பெருங்கணினிக்கே திரும்புகிறது எனலாம்.

விளையாட்டுக்காக வளர்ந்த வரைகலைச் செயலியும் வேறு வேலைக்குச் சென்றுவிட்டது. ஏராளமான சிறு கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் அதன் திறன் செயற்கை நுண்ணறிவுக்குப் பொருந்தியது. 2012இல் படங்களை இனங்காண்பதில் திருப்புமுனையாக அமைந்த அலெக்ஸ்நெட், விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு வரைகலை அட்டைகளில் பயிற்றுவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில், புதுச்சேரித் தொழிற்சாலையில் ஆண்டுக்கு 50,000 செயற்கை நுண்ணறிவு வழங்கிகளும் 2,400 வரைகலைச் செயலி வழங்கிகளும் தயாரிக்கவிருப்பதாக லெனோவோ அறிவித்தது. வேலைக்கு வந்த கணினியில் விளையாடியது ஒரு காலம். விளையாட்டுக்குச் செய்த சில்லு வேலைக்குப் போவது இக்காலம்.

இன்றைய கணினி வகைகள்

பாவனை விளையாட்டுக்கு இன்று பயன்படுபவற்றை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தனி வரைகலை அட்டை கொண்ட மேசைக்கணினி. உறுப்புகளை மாற்றவும் கூட்டவும் முடியும் என்பதே இதன் வலிமை. நீண்ட நாள் உழைக்கும்.

இரண்டாவது, விளையாட்டு மடிக்கணினி. எடுத்துச் செல்லலாம், ஆனால் வெப்பம் மிகுதி, வரைகலைச் செயலியைப் பின்னர் மாற்ற இயலாது.

மூன்றாவது, சாதாரண மடிக்கணினி. பழைய விளையாட்டுகளுக்கும் கட்டற்ற விளையாட்டுகளுக்கும் நகர வகையின் எளிய விளையாட்டுகளுக்கும் இது போதும்.

நான்காவது, கன்சோல் எனப்படும் விளையாட்டுப் பெட்டி. தொலைக்காட்சியில் இணைத்து ஆடலாம். அமைப்பு வேலை குறைவு, ஆனால் விதிகளை மாற்றும் உரிமையும் குறைவு.

ஐந்தாவது, கைபேசியும் பலகைக் கணினியும். எவருக்கும் எளிதில் எட்டுபவை. நுணுக்கமான கட்டுப்பாட்டுக்கு ஏற்றவை அல்ல.

மாணவர்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஒரு விளையாட்டின் குறைந்தபட்சத் தேவையைப் படிக்கும்போது செயலி, நினைவகம், வரைகலை, வன்தட்டு என நான்கையும் தனித்தனியே பார்த்து, கையிலிருக்கும் கணினியில் எது குறைகிறது என்று கண்டறிய வேண்டும். பல வேளைகளில் புதிய கணினி வேண்டியதில்லை. நினைவகம் ஒன்றைக் கூட்டினாலே போதும்.

முடிவுரை

சுமேரிய அரசனின் தானியக் கணக்கிலிருந்து வங்கக் கடலின் மேல் பறக்கும் விமானம் வரை, கணினியின் வேகம் பல இலட்சம் மடங்கு உயர்ந்துவிட்டது. விளையாட்டின் அடிப்படைக் கேள்வி மாறவில்லை: கையிலிருப்பதை எப்படிப் பங்கிடுவது, பங்கிட்டால் என்ன நேரும்? அக்கேள்வியைக் கேட்க 32 கிலோபைட் போதுமாக இருந்தது. காட்சி அழகுக்காகக் கணினியின் விலை ஏறியபோது, கேள்வி கேட்கும் வாய்ப்புச் சிலருக்கே என்று சுருங்கியது. பள்ளிக் கணினியும் அரசு மடிக்கணினியும் கட்டற்ற மென்பொருளும் கைபேசியும் அதை மீண்டும் பலருக்கு விரித்தன. கணினி செய்யும் ஊர்களில் ஒன்றான புதுச்சேரியின் அரசுப் பள்ளி மாணவருக்கு அந்த வாய்ப்பு முழுமையாகக் கிடைக்க, தொழிற்சாலை அருகில் இருப்பது மட்டும் போதாது. பள்ளியின் கணினி அறை திறந்திருக்க வேண்டும். பாடம் முடிந்தபின் ஒரு மணிநேரம் நகரம் கட்டிப் பார்க்க அங்கே இடமும் இருக்க வேண்டும்.